யாருப்பா வரைஞ்சது? - கிப்லி மியூசியமும் கொஞ்சம் வரலாறும்

ரொம்ப நாளா கடைப்பக்கம் வரமுடியல மக்களே. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. நடுவுல ரெண்டு மாசம் ஆன்சைட்டுன்னு டோக்கியோ வேற அனுப்பிட்டாங்க. அங்க போய் பார்த்த ஒரு மியூசியத்தைப் பத்தி எழுதணும்னு திரும்பி வந்ததுல இருந்து நினைச்சுக்கிட்டே இருக்கேன். பயணக்கட்டுரைன்னு ஆரம்பிச்சேன், அது பாட்டுக்கு வரலாறு, எங்க வீட்டுக் கதைன்னு எங்கெங்கயோ போயிடுச்சு. கொஞ்சம் நீளம். பொறுத்துக்குங்க.

முதல்ல ஒரு சின்ன கொசுவத்தி.

2025 மார்ச்ல ஊர்ல இருக்குற எல்லாரும் சாட்ஜிபிடி கிட்ட போட்டோவைக் கொடுத்து கிப்லி படமா மாத்திக்கிட்டு இருந்தாங்களே, ஞாபகம் இருக்கா? நானும் ஜோதியில ஐக்கியமாயிட்டேன். திருப்பாச்சூர் கோயில் வாசல்ல அப்பா, அம்மா, நான் மூணு பேரும் நிக்கிற போட்டோ ஒண்ணு. ஒரே நிமிஷத்துல பெரிய கண்ணு, ரோஸ் கன்னம், பின்னாடி பஞ்சு மாதிரி மேகம்னு வந்து நின்னுச்சு. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். அப்பா மொபைலை வாங்கி, கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தாரு.

"நல்லாருக்குடா. யாரு வரைஞ்சது?"

"யாரும் வரையலப்பா. கம்ப்யூட்டரே போட்டது."

"சரி, கம்ப்யூட்டர்தான். அதுக்கு யாரு வரைஞ்சு காட்டுனது?"

கேள்வி புரிஞ்சுது. பதில் தெரியல. நாலு வருஷம் இன்ஜினியரிங், அதுக்கு மேல ஆறு வருஷம் கோடு எழுதுறவன்னு பேரு. "அது வந்துப்பா... நிறைய படம் பார்த்துக் கத்துக்கும்"னு இழுத்தேன். அவரு ஒண்ணும் சொல்லாம மொபைலைத் திருப்பிக் கொடுத்துட்டாரு.

அவரு ஏன் அப்படிக் கேட்டாருன்னு சொல்லணும்னா அவரோட வேலையைச் சொல்லணும். அப்பா சினிமா பேனர் வரையற ஆளு. சரியா சொன்னா, வரையறவருக்கு உதவி ஆளு. திருவள்ளூர்ல ஒரு வாத்தியார் கிட்ட இருந்தாரு. பட ஸ்டில்லு மேல கட்டம் போடுவாங்க. அதே கட்டத்தைப் பெருசா காடா துணியில போட்டு, ஒவ்வொரு கட்டமா ஏத்துவாங்க. முகம் மட்டும் வாத்தியார். சட்டை, புடவை, துப்பாக்கி, பின்னாடி எரியுற கார், எழுத்து எல்லாம் அப்பா. நான் சின்னப் பையனா இருந்தப்போ ரஜினியோட சட்டைப் பட்டன் ஒவ்வொண்ணும் என் தலை சைஸுக்கு இருக்கும். டர்பன்டைன் வாசனை அடிச்சா இன்னிக்கும் எனக்கு அந்த ஷெட்டுதான் ஞாபகம் வரும். 2000க்கு அப்புறம் ஃப்ளெக்ஸ் வந்துச்சு. ரெண்டு மூணு வருஷத்துல தமிழ்நாடு பூரா கை பேனர் தொழில் படுத்துடுச்சு. அப்பா வீட்டுக்கு வெள்ளையடிக்கிற கான்ட்ராக்டுக்குப் போயிட்டாரு.

அதனாலதான் ஜப்பான் போறேன்னு தெரிஞ்சதும் வேற எந்த இடத்தையும் யோசிக்கல. "அவங்களையே போய் பார்த்துட்டு வந்துடலாம்"னு கிப்லி மியூசியத்துக்கு டிக்கெட் தேட ஆரம்பிச்சேன்.

கிப்லி தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. 1985ல ஹயாவோ மியாசாகி, இசாவோ தகாஹதா, தோஷியோ சுசுகி மூணு பேரும் சேர்ந்து ஆரம்பிச்ச அனிமேஷன் ஸ்டூடியோ. 'மை நெய்பர் டோடோரோ', 'ஸ்பிரிட்டட் அவே' எல்லாம் இவங்க படம். ரெண்டாவது படம் 2003ல ஆஸ்கர் வாங்குச்சு. கிப்லிங்கிறது ஒரு இத்தாலி விமானத்தோட பேரு, அதுக்கு முன்னாடி பாலைவனக் காத்தோட பேரு. மியாசாகிக்கு விமானப் பைத்தியம். ஆனா ஜப்பான்காரங்க அதை 'ஜிபுரி'ன்னு சொல்றாங்க. சோழி சோளியாகுற நம்ம ஊர் கதைதான் :)

டிக்கெட் எடுக்கறதே ஒரு தனிக்கதை. வாசல்ல போய் நின்னா கிடைக்காது. ஒவ்வொரு மாசமும் 10ஆம் தேதி ஜப்பான் நேரம் காலை 10 மணிக்கு அடுத்த மாசத்துக்கான டிக்கெட்டைத் திறப்பாங்க. நமக்குக் காலையில 6.30. செப்டம்பர் 10 அன்னிக்கு திருப்பாச்சூர் வீட்டு மாடியில நெட்வொர்க் கிடைக்கிற மூலையில நின்னு, தட்கல் டிக்கெட் போடுற பழக்கத்துல எடுத்துட்டேன். 1000 யென். நம்ம காசுக்கு 600 ரூபாய் கிட்ட வரும். டிக்கெட்ல நம்ம பேரு இருக்கும், பாஸ்போர்ட் கையில வெச்சுக்கணும்.

அக்டோபர்ல ஒரு சனிக்கிழமை. ஷின்ஜுகுவுல இருந்து சூவோ லைன் ரயில்ல இருபது நிமிஷத்துக்குள்ள மிடாகா. ஸ்டேஷன்ல இருந்து மஞ்சக்கலர் பஸ் இருக்கு. மழை தூறிக்கிட்டு இருந்தாலும் நடந்தே போனேன், கால் மணி நேரம். வழி பூரா பக்கத்துல ஒரு வாய்க்கால் கூடவே வருது. தமகாவா வாய்க்கால்னு பேரு. 1653ல எடோ நகரத்துக்கு, அதாவது இன்னிக்கு டோக்கியோவுக்கு, குடிதண்ணி கொண்டு போக வெட்டினது. சென்னைக்குத் தண்ணி கொடுக்க 1944ல கட்டின பூண்டி ஏரி எங்க ஊர்ப் பக்கம்தானே. பெரிய ஊருக்குத் தண்ணி அனுப்புற சின்ன ஊருன்னு பார்த்ததும் மிடாகா மேல ஒரு பாசமே வந்துடுச்சு.

இன்னொரு விஷயம். இதோட அதிகாரப்பூர்வ பேரு 'மிடாகா நகராட்சி அனிமேஷன் கலைக்கூடம்'. பேருலயே நகராட்சி இருக்கு! கட்டடத்தோட வடிவத்தை மியாசாகியே வரைஞ்சு கொடுத்தாரு. 2001 அக்டோபர் 1ல திறந்தாங்க. முதல் இயக்குநர் அவரோட மகன் கோரோ. ஒரு நகராட்சி கார்ட்டூனுக்குன்னு கலைக்கூடம் வெச்சிருக்குன்னு எங்க ஊர்ல சொன்னா நம்புவாங்களா தெரியல.

உள்ள போனதும் முதல் அடி: போட்டோ எடுக்கக்கூடாது. கண்ணால பார்த்து மனசுல வெச்சுக்கிட்டுப் போங்கன்றாங்க. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை கை தானா பாக்கெட்டுக்குப் போச்சு. அரை மணி நேரத்துல அடங்கிடுச்சு. அதுக்கப்புறம்தான் ஒழுங்கா பார்க்கவே ஆரம்பிச்சேன்.

இங்க பார்வையாளருக்குக் குறிப்பிட்ட வழின்னு ஒண்ணு கிடையாது. அம்புக்குறி போட்டு 'இப்படிப் போ'ன்னு சொல்ல மாட்டாங்க. தொலைஞ்சு போறதுதான் இங்க முறையே. சுருள் படிக்கட்டு, எதிர்பாராத இடத்துல ஒரு பாலம், குனிஞ்சு போற கதவு, ஜன்னல் கண்ணாடியில படத்து பாத்திரங்கள். பூனை பஸ் ஒண்ணு இருக்கு, மெத்து மெத்துன்னு. சின்னப் பசங்க மட்டும்தான் ஏறலாம். ஏக்கமா வெளியில நின்னுட்டு வந்தேன். மாடித் தோட்டத்துல அஞ்சு மீட்டர் உயர ரோபோ நிக்குது, 'லபூடா' படத்துல வர்றது.

ஆனா என்னைப் பிடிச்சு நிறுத்தினது ரெண்டு இடம்.

ஒண்ணு, கீழ்த்தளத்துல 'அசைவு எப்படிப் பொறந்துச்சு'ன்னு காட்டுற அறை. அதுல டோடோரோ ஜோட்ரோப்னு ஒரு பெரிய வட்டம். வட்டத்துல வரிசையா சின்னச் சின்ன பொம்மைங்க. ஒவ்வொண்ணும் பக்கத்துல இருக்குறதை விட இத்தனூண்டு மாறி நிக்கும். வட்டம் சுத்த ஆரம்பிச்சதும் எல்லாம் மங்கி, வெறும் கோடு மாதிரி ஆயிடும். அப்புறம் விளக்கு விட்டு விட்டு மின்ன ஆரம்பிக்கும். அவ்வளவுதான்... டோடோரோ குதிக்குது, மெய் கயிறு தாண்டுறா, பூனை பஸ் ஓடுது! பக்கத்துல இருந்த தாத்தா ஒருத்தர் "ஓ..."ன்னாரு. நானும் அதையேதான் சொன்னேன். நிக்கிற பொம்மைங்களை ஓட வைக்கிறது நம்ம கண்ணுதான்னு அங்க யாரும் பாடம் எடுக்கல. பார்த்தாலே தெரியுது.

ரெண்டாவது, 'ஒரு படம் பொறக்குற இடம்'. அஞ்சு அறை. வரையறவர் இப்பதான் டீ குடிக்க எழுந்து போன மாதிரி இருக்கு. மேசை மேல பாதி வரைஞ்ச தாள், சுவர் பூரா ஓவியம், மேல தொங்குற விமான மாடல், சாஞ்சு கிடக்குற புத்தகங்க. காட்சி காட்சியா வரைஞ்ச ஸ்டோரிபோர்டைத் தச்சு வெச்சிருக்காங்க, நாமே புரட்டிப் பார்க்கலாம். ஒரு பெரிய கண்ணாடி ஜாடி நிறைய பென்சில் துண்டு. விரல் நீளம் கூட இல்லாம, பிடிக்க முடியாத அளவுக்குத் தேஞ்சதுங்க. அப்பாவோட ஷெட்டுல ஒரு பால் டப்பா இருக்கும், முடி கொட்டின பிரஷ் எல்லாம் அதுலதான் போடுவாரு, தூக்கிப் போட மனசு வராது. அந்த ஜாடி முன்னாடி ரொம்ப நேரம் நின்னேன்.

வேலை எப்படிப் பிரியுதுன்னு அங்க வரிசையா பார்க்கலாம். ஒரு பொண்ணு திரும்பிப் பார்க்கணும்னா, திரும்பறதுக்கு முன்னாடி, பின்னாடின்னு முக்கியமான நிலைகளை ஒருத்தர் வரைவாரு. நடுவுல வர்ற படங்களை இன்னொருத்தர் நிரப்புவாரு. அப்புறம் கலர் ஒருத்தர், பின்னணிக் காட்சி ஒருத்தர், கேமரா ஒருத்தர். சினிமாவுக்கு நொடிக்கு 24 ஃபிரேம். ரெண்டு ஃபிரேமுக்கு ஒரு படம்னு வெச்சா நொடிக்கு 12. 1997ல வந்த 'பிரின்சஸ் மோனோனோகே'வுக்கு மட்டும் சுமார் 1,44,000 செல் தாள். 2013ல வந்த 'தி விண்ட் ரைசஸ்' படத்துல நாலு நொடிக் கூட்டக்காட்சி ஒண்ணு வரும். அதை வரைய எய்ஜி யாமாமோரிங்கிற கலைஞருக்கு ஒரு வருஷம் மூணு மாசம் ஆச்சு. நாலு நொடி! நம்ம ஆபீஸ்ல இப்படி எஸ்டிமேட் கொடுத்தா மேனேஜர் நெஞ்சைப் பிடிச்சுக்குவாரு.

முகம் வாத்தியார், சட்டை அப்பா. முக்கிய நிலை ஒருத்தர், நடுப்படம் ஒருத்தர். திருவள்ளூர் ஷெட்டும் இதுவும் ஒரே முறைதான்னு அங்க நிக்கும்போதுதான் உறைச்சுது. மியாசாகியே நடுப்படம் வரையற ஆளாத்தான் வேலையை ஆரம்பிச்சாரு, 1963ல, தோயேய் ஸ்டூடியோவுல. அடுத்த வருஷமே அங்க தொழிற்சங்கச் செயலாளர் ஆயிட்டாரு. தகாஹதாவும் அதே சங்கத்துல இருந்தவர்தான். அந்த சங்கத்து ஆளுங்க சேர்ந்து உழைச்சு 1968ல 'ஹோருஸ்' படத்தைக் கொண்டு வந்தாங்க. கிப்லிக்கு விதை அங்க போட்டதுதான்.

வரலாற்றுக்கு வருவோம். இங்கதான் எனக்கு வயித்தெரிச்சல்.

தோயேய் நிறுவனம் அனிமேஷன் ஸ்டூடியோ ஆரம்பிச்ச வருஷம் 1956. ரெண்டே வருஷத்துல, 1958ல, 'ஹகுஜாதென்'னு ஜப்பானோட முதல் முழுநீள கலர் கார்ட்டூன் படத்தை எடுத்துட்டாங்க. ஸ்கூல் பையனா அதைப் பார்த்துத்தான் மியாசாகிக்கு இந்தத் துறை மேல ஆசையே வந்துச்சு.

அதே 1956லதான் பம்பாய்ல நம்ம பிலிம்ஸ் டிவிஷன் கார்ட்டூன் பிரிவும் ஆரம்பிச்சுது! டிஸ்னியில 'பாம்பி' படத்துல வேலை பார்த்த கிளேர் வீக்ஸ் வந்து நம்ம பசங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாரு. 1957ல ஜாதகக் கதை ஒண்ணை வெச்சு 'தி பேனியன் டீர்' வந்துச்சு. அந்த முதல் செட்டுல இருந்தவர்தான் ராம் மோகன். இந்திய அனிமேஷனோட தந்தைன்னு அவரைச் சொல்வாங்க. 1974ல 'ஏக் அனேக் அவுர் ஏக்தா'ன்னு தூர்தர்ஷன் பார்த்த தலைமுறைக்கே மனப்பாடமான படமும் பிலிம்ஸ் டிவிஷன்ல இருந்து வந்ததுதான்.

நம்ம மெட்ராஸ் அதுக்கும் முன்னாடி. ஜெமினி வாசன் அடிப்படையில ஓவிய ரசனை உள்ள ஆளு. 1947லயே என். தாணு மேற்பார்வையில 'சினிமா கதம்பம்'னு ஒரு கார்ட்டூன் படம் வெளியிட்டாரு. அப்புறம் ரொம்பத் தள்ளி, 2000ல, சென்னை பென்டாமீடியா கம்பெனி 'சிந்துபாத்' படத்தை முழுக்க முழுக்க மோஷன் கேப்ச்சர்ல எடுத்துச்சு. ஹாலிவுட்டே அந்தப் பக்கம் முழுசா இறங்காத நேரம் அது.

ஆக ஆரம்பிச்ச வருஷம் ஒண்ணு, திறமையிலயும் குறையில்ல. ஆனா தோயேய் தியேட்டருக்குப் படம் எடுத்துச்சு. நம்ம பிரிவு அரசாங்க விளக்கப்படம் எடுத்துச்சு, அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம். ஜனங்க காசு கொடுத்து டிக்கெட் வாங்கினாத்தான் அடுத்த படம்ங்கிற கட்டாயமும் இல்ல, அந்த வாய்ப்பும் இல்ல. ராம் மோகனும் 1968ல வெளியில வந்து பிரசாத் புரொடக்‌ஷன்ஸ் அனிமேஷன் பிரிவுக்குப் போனாரு. 1972ல சொந்தக் கம்பெனி. பெரும்பாலும் விளம்பரப்படம். முழுநீளப் படத்துக்கு அவரு காத்திருக்க வேண்டியதாப் போச்சு. அந்த வாய்ப்பும் ஜப்பான்ல இருந்துதான் வந்துச்சு.

யூகோ சாகோன்னு ஒரு ஜப்பான் படத்தயாரிப்பாளர். 1983ல, அலகாபாத் பக்கம் பி.பி. லால் செஞ்ச அகழாய்வைப் பத்தி டாக்குமென்டரி எடுக்க வந்தாரு. அப்பதான் அவருக்கு ராமாயணமே அறிமுகம். திரும்பிப் போய் ஜப்பான் மொழியில கிடைச்ச பத்து ராமாயணங்களைப் படிச்சாராம். நடுவுல ஒரு கூத்து. ஜப்பான்காரர் ஒருத்தர் ராமாயணம் எடுக்குறாருன்னு பேப்பர்ல தப்பா செய்தி வர, தில்லியில விஸ்வ ஹிந்து பரிஷத் ஜப்பான் தூதரகத்துக்கு எதிர்ப்புக் கடிதம் கொடுத்துச்சு. அதைப் போய் விளக்கப் போன மனுஷனுக்கு, 'எடுத்தா என்ன?'ன்னு தோணிடுச்சு! முதல்ல சரின்ன அரசாங்கம் அப்புறம், 'இது உணர்வு சம்பந்தப்பட்ட விஷயம், கார்ட்டூனா காட்டக்கூடாது'ன்னு கூட்டுத்தயாரிப்புக்கு மறுத்துடுச்சு. அவரு விடல. நிப்பான் ராமாயணா பிலிம்ஸ்னு ஆரம்பிச்சு ஜப்பான்லயே எடுத்தாரு. கொய்ச்சி சசாகி, ராம் மோகன் கூட இருந்தாங்க. சுமார் 450 கலைஞர்கள். வேட்டி எப்படிக் கட்டணும், பெரியவங்க கால்ல விழுந்து ஆசீர்வாதம் எப்படி வாங்கணும்னு இந்தியக் கலைஞர்கள் சொல்லிச் சொல்லி ஜப்பான்காரங்க வரைஞ்சாங்க.

1993 ஜனவரியில தில்லி திரைப்பட விழாவுல காட்டினாங்க. அப்போ நாடு இருந்த நிலைமை உங்களுக்கே தெரியும். பெருசா தியேட்டருக்கு வரல. என் வயசுப் பசங்க கார்ட்டூன் நெட்வொர்க்ல பார்த்து வளர்ந்தோம். 'கிப்லி எடுத்த ராமாயணம்'னு அப்பப்போ யாராவது எழுதுறாங்க. தப்பு, கிப்லி எடுக்கல. 2025 ஜனவரி 24ல தமிழ் டப்பிங்கோட மறுபடியும் தியேட்டருக்கு வந்தப்போ அப்பாவைக் கூட்டிட்டுப் போனேன். படம் முடிஞ்சு எல்லாரும் எழுந்து போயாச்சு. அப்பா எழுந்திருக்கல. பேரெல்லாம் ஓடி முடியற வரைக்கும் பார்த்துட்டுத்தான் வந்தாரு. சாகோ 2012லயும், ராம் மோகன் 2019லயும் போயிட்டாங்க. ரெண்டு பேருமே அந்தக் கூட்டத்தைப் பார்க்கல.

மறுபடியும் மிடாகா. கடைசியா சாட்டர்ன் தியேட்டர்னு ஒரு குட்டி அரங்கு. இந்த மியூசியத்துக்குன்னே எடுத்த குறும்படங்கள்ல ஒண்ணு போடுவாங்க. டிவிடியா கிடைக்காது. நான் பார்த்தது 'மெய்யும் பூனைக்குட்டி பஸ்ஸும்', 2002ல எடுத்தது. புரொஜக்டர் ஓடுறதைக் கண்ணாடி வழியா பார்க்கலாம். இங்க நுழைவுச்சீட்டே ஒரு ஃபிலிம் துண்டு! நிஜ படப்பிரதியில இருந்து வெட்டின மூணு ஃபிரேம். போட்டோ எதுவும் எடுக்காம நான் கொண்டு வந்தது அது மட்டும்தான்.

மியாசாகி ஏஐ பத்தித் திட்டினாருன்னு ஒரு வீடியோ சுத்துச்சு இல்ல, அது 2025 சமாச்சாரம் இல்லைங்க. 2016ல ஜப்பான் டிவி டாக்குமென்டரியில, கம்ப்யூட்டரே நகர்த்தின ஒரு விகாரமான உருவத்தைக் காட்டினப்போ சொன்னது. உடம்பு முடியாத தன்னோட நண்பரை நினைச்சுக்கிட்டுத்தான் அவ்வளவு கோபப்பட்டாரு. நான் ஏஐக்கு எதிரி இல்ல. எனக்கு அதுலதான் சோறு. ஆனா அப்பா கேட்ட கேள்வி என் பக்கத்துல இருந்து வர வேண்டிய கேள்வி. வரலயேன்னு இருக்கு.

ஊருக்கு வந்ததும் ஃபிலிமை அப்பா கிட்ட கொடுத்தேன். பழைய லென்ஸைத் தேடி எடுத்துட்டு வந்து டியூப்லைட்டுக்கு நேரா பிடிச்சாரு. புல்வெளியில ஒரு பொண்ணு நிக்கிறா. எனக்கு மூணும் ஒண்ணாத்தான் தெரிஞ்சுது.

"மூணாவதுல மட்டும் முடி பறக்குது பாரு" என்றார்.

"ரெண்டு ஃபிரேமுக்கு ஒரு படம்ப்பா. அதான்."

"ரெண்டையும் ஒரே ஆளா வரைஞ்சாரு?"

"வேற வேற ஆளா இருக்கும்ப்பா. கலர் வேற ஆளு. எல்லார் பேரும் படத்தோட கடைசியில வரும்."

"பேரு வருதுல்ல. அது போதும்."

அப்பதான் கேட்டேன், பேனர் மூலையில அவரு பேரு வருமான்னு. வாத்தியாரோட ஆர்ட்ஸ் பேரு மட்டும்தானாம். பதினெட்டு வருஷம் வரைஞ்சிருக்காரு, ஒரு மூலையிலயும் அவரு பேரு இல்ல. ஒரு போட்டோ கூட இல்ல. மழையில நனைஞ்சு, அடுத்த படத்துக்கு வெள்ளையடிச்சு, கிழிஞ்சு மாட்டுத் தொழுவத்துக்குக் கூரையாப் போச்சு எல்லாம். எங்க ஊர் சாமிக்கு வாசீஸ்வரர்னு பேரு. மூங்கில் காட்டுல வாசிங்கிற கருவி பட்ட தழும்பு லிங்கத்துல இருக்குறதால அந்தப் பேருன்னு சொல்லுவாங்க. கருவிக்குக் கூட பேரு தங்கியிருக்கு, பிடிச்ச கைக்குத்தான் இல்ல.

உங்க கிட்ட ஒரு வேண்டுகோளோட முடிச்சுக்கிறேன். உங்க ஊர்ல கையால வரைஞ்ச சுவர் விளம்பரம், சலூன் போர்டு, லாரி பின்பக்கத்து மயில், எது மிச்சம் இருந்தாலும் ஒரு போட்டோ எடுத்து வையுங்க. மூலையில இருக்குற பேரையும் சேர்த்து எடுங்க. வரைஞ்சவரு இருந்தா, கூட வேலை செஞ்சது யாரு யாருன்னு கேட்டு எழுதி வையுங்க. ஆரம்பத்தை நான் பண்ணிட்டேன். எங்க வீட்டு கேட்டுல அப்பாவை ஒரு டோடோரோ வரையச் சொன்னேன். கட்டம் போட்டு, ரெண்டு நாள்ல முடிச்சாரு. மூலையில கையெழுத்துப் போடச் சொன்னதுக்குத்தான் மூணு நாள் கெஞ்ச வேண்டியதாப் போச்சு :)

டிஸ்கி: டோடோரோவுக்கு எங்க தெருவுல வெச்சிருக்குற பேரு 'பெருச்சாளி'. அப்பாவுக்கு அதுல செம கோபம்.